ஓடிப்போன டிரைவர்

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆடி அமாவாசை முடிந்த மறுநாள், சொரிமுத்து பெஞ்சாதி இசக்கியோடு பாபநாசம் பஸ்ஸை விட்டு இறங்கித் தச்சநல்லூரில் தம் வீட்டுக்கு நடந்தபோது அவர் தலை புது மொட்டையாக இருந்தது. பூசியிருந்த சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அஞ்சு நாளாகக் காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில் பக்கம் குடில் போட்டுத் தங்கி, ஆற்றில் குளித்து, பொங்கல் வைத்து, சொந்தபந்தம் எல்லாரோடும் இருந்துவிட்டு வருகிறார். அந்தச் சாமியின் பேரைத்தான் அவருக்கு வைத்திருந்தார்கள். வருஷம் முழுக்க அம்பலவாணன் அண்ணாச்சியின் காரை ஓட்டுகிறவர், இந்த அஞ்சு நாளை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

வீட்டுக்கு முன்னால் ஆட்டோ ஒன்று நின்றது. அதற்குள் அம்பலவாணன் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

டவுணில் தெற்கு ரத வீதியில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர் அவர். ஐம்பத்தாறு வயசு. நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு நெற்றி வெறுமையாக இருந்தது. பதினாலு வருஷமாக வேலை பார்க்கிற டிரைவரின் வீடு இன்ன தெருவில் இருக்கிறது என்று தெரியுமே தவிர, அவர் அந்த வாசலை மிதித்ததில்லை. இசக்கி அவசரமாகக் கதவைத் திறந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உட்கார்ந்ததும் தண்ணீர் கேட்டார். ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்தார்.

"குரும்பூர்ல பெரியப்பா மகன் தவறிட்டாருன்னு போன் வந்துச்சுலே," என்று ஆரம்பித்தார். "துட்டிக்குப் போயே ஆகணும். நீ கோயிலுக்குப் போயிட்ட. வாடகை வண்டி எதுக்கு, நாமளே ஓட்டிட்டுப் போயிருவோம்னு நெனச்சேன்."

மூன்று மாசமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பாளையங்கோட்டை மைதானத்தில் அண்ணாச்சிக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் சொரிமுத்துதான். கியரை ஒழுங்காகப் போடுவார் அண்ணாச்சி. எதிரே ஏதாவது வந்தால் மட்டும் கை பதறும். கையில் இருந்தது ஓட்டப் பழகுகிறவர்களுக்குக் கொடுக்கிற எல்.எல்.ஆர். மட்டும்தான். லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்தில் இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது.

நடந்ததை அண்ணாச்சி விட்டு விட்டுச் சொன்னார். அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம். பின் சீட்டில் அவர் சம்சாரம் பார்வதியம்மாள். தென்திருப்பேரை தாண்டி, ரெண்டு பக்கமும் வாழைத்தோட்டம். முன்னால் சைக்கிளில் போன ஒருத்தன் மேல் கார் பின்பக்கமாக மோதிவிட்டது. உடன்குடிக்காரன், கருப்பட்டி வியாபாரி, பேர் சுடலையாண்டி. ஸ்ரீவைகுண்டத்துக் கடைகளுக்குச் சரக்குப் போட்டுவிட்டு வெறும் ஓலைப் பெட்டிகளோடு ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தவன். தொடை எலும்பு முறிந்து, தலையில் அடிபட்டு, நினைவில்லாமல் கிடந்தான். வாழைத்தார் ஏற்ற வந்த லாரியில் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பார்வதியம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அண்ணாச்சி ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போலீஸ் வந்து யாரு ஓட்டினதுன்னு கேட்டாங்க. என் வாயில என்ன வந்துச்சுன்னு எனக்கே தெரியல. டிரைவர் ஓட்டினான், பயந்து ஓடிட்டான்னு சொல்லிட்டேன்."

சொரிமுத்து காலிச் செம்பை எடுத்து ஓரமாக வைத்தார்.

"வக்கீலைப் பார்த்தேன். எல்.எல்.ஆர். வச்சுக்கிட்டு தனியா ஓட்டினேன்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிருவானாம். அடிபட்டவனுக்குத்தான் நட்டம்னு சொல்லுதாரு. நீ போய் ஸ்டேஷன்ல நின்னுட்டா, ஜாமீன்ல உடனே விட்டுருவாங்க. மத்ததை நான் பார்த்துக்கிடுதேன்."

"சரி அண்ணாச்சி," என்றார் சொரிமுத்து.

யோசித்துச் சொன்ன சரி இல்லை அது. இருபத்தேழு வயசில் லாரி வேலை போய் நடுத்தெருவில் நின்றபோது சாவியைக் கையில் கொடுத்தவர் அம்பலவாணன். இசக்கிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்த சமயம் பதினொரு நாள் அந்தக் காரை ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திக்கொள்ளச் சொன்னவர். அவர் சொன்னதற்கு இந்தப் பதினாலு வருஷத்தில் 'சரி அண்ணாச்சி' தவிர வேறு வார்த்தை சொரிமுத்துவின் வாயில் வந்ததில்லை. மேட்டைக் கண்டால் கை தானாகக் கியரை மாற்றுகிற மாதிரி அன்றைக்கும் அதுவே வந்தது.

ஆட்டோ போன பிறகு இசக்கி பாத்திர மூட்டையைக்கூடப் பிரிக்காமல் நின்றாள்.

"அன்னைக்கு மத்தியானம் நீங்க எங்க இருந்தீங்க?"

"தெரியாத மாதிரி கேக்குதியே."

"சாமி முன்னால தலையைக் குனிஞ்சு முடி எறக்கிட்டு இருந்தீங்க. அதை இல்லைன்னு சொல்லப் போறீங்களா?"

"அண்ணாச்சி வீடு தேடி வந்திருக்காரு, பார்த்தேல்ல."

"பார்த்தேன். அதுக்குத்தான் கேக்கேன்."

சொரிமுத்து பின்பக்கம் போய் முகம் கழுவினார். அவருக்குள்ளே வேறொன்று அரித்துக்கொண்டிருந்தது. இடித்தான் என்று எழுதினால் எழுதட்டும். வண்டி ஓட்டுகிறவனுக்கு என்றைக்காவது ஒரு நாள் வரக்கூடியதுதான் அது. ஓடிவிட்டான் என்றல்லவா எழுதியிருக்கிறது. லாரியில் கிளீனராகத் தொத்திக்கொண்டு போன காலத்திலிருந்து எத்தனையோ விபத்துகளைப் பார்த்தவர். அடிபட்டவனை மடியில் போட்டுக்கொண்டு அழுத டிரைவர்களையும் பார்த்திருக்கிறார், காட்டுக்குள் இறங்கி ஓடியவர்களையும் பார்த்திருக்கிறார். ஓடியவர்களின் பேரைச் சொல்லும்போது டீக்கடையில் மற்ற டிரைவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இப்போது அந்த வரிசையில் அவர் பேரும் சேர்ந்துவிட்டது.

மறுநாள் வக்கீல் குமாஸ்தாவோடு ஸ்டேஷனுக்குப் போனார். எஸ்.ஐ. சின்ன வயசுக்காரர். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு அவர் தலையைப் பார்த்தார்.

"மொட்டை எப்பம் போட்டது?"

குமாஸ்தாவும் இதை யோசித்திருக்கவில்லை. சொரிமுத்துவின் வாய் தானாகப் பேசியது.

"நேத்து சார். அந்த ஆளு பொழைச்சுக்கிடணும்னு வேண்டிக்கிட்டு..."

எஸ்.ஐ. கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "அந்தக் கரிசனம் இடிச்ச அன்னைக்கே இருந்திருக்கணும்," என்றார். பிறகு எழுதிய வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார்கள். சைக்கிளில் போனவர் திடீரென்று வலது பக்கம் திரும்பியதால் விபத்து நேர்ந்தது என்று அதில் இருந்தது. அண்ணாச்சி சொல்லி எழுதியது. சொரிமுத்து கையெழுத்துப் போட்டார்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் அவருடைய அம்பாசடர் நின்றது. அவருடையது என்றுதான் அவர் எப்போதும் நினைப்பார். இடது பக்க விளக்கு உடைந்து, மட்கார்டு உள்ளே போயிருந்தது. குனிந்து பார்த்தார். இடது பக்கச் சக்கரங்கள் ரெண்டிலும் காய்ந்த மண்ணும் புல்லும் அப்பியிருந்தன. வலது பக்கம் சுத்தமாக இருந்தது. தார் ரோட்டில் போன வண்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் ஏன் புல் வந்தது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் அந்தப் புல்லை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். குமாஸ்தா கூப்பிட்டதும் அவரோடு போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனார். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. போக வேண்டாம் என்று குமாஸ்தா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஓடிப்போனவன் என்று இருக்கிற எழுத்தைத் தம் காலாலேயே நடந்துபோய் அழித்துவிடலாம் என்று அவருக்கு ஒரு எண்ணம்.

சுடலையாண்டிக்கு நினைவு திரும்பியிருந்தது. நாற்பத்தைந்து வயசு இருக்கும். கரிய, மெலிந்த உடம்பு. முறிந்த காலில் கயிறு கட்டிக் கட்டில் நுனியில் எடை தொங்கவிட்டிருந்தார்கள். தரையில் அவர் பெஞ்சாதி சந்தனமாரி உட்கார்ந்திருந்தாள்.

"நாந்தான்மா வண்டி ஓட்டினது," என்றார் சொரிமுத்து.

அவள் எழுந்தாள். சத்தம் போடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக்கூடக் கேட்காத குரலில் பேசினாள். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"நாய் அடிபட்டாக்கூட நின்னு பாப்பாங்க. நீ திரும்பிப் பாக்காம போயிட்டியே. அந்த அம்மா மட்டும் இல்லைன்னா இந்த மனுசன் அங்கனயே போயிருப்பாரு. ஸ்டீரிங் பிடிக்கிற அந்தக் கை வெளங்குமா?"

சொரிமுத்து தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். லைசென்ஸ் இல்லை, வண்டி இல்லை, வேலையும் இல்லை. காலையில் போய் வெந்நீர் வாங்கிக் கொடுப்பார். எக்ஸ்ரே எடுக்கத் தூக்க ஆள் வேண்டியிருந்தால் ஒரு பக்கம் பிடிப்பார். நாலைந்து நாள் சந்தனமாரி அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மத்தியானம் பார்வதியம்மாள் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவருவாள். சொரிமுத்து அங்கே நிற்பதைக் கண்டால் அவள் கண்கள் வேறெங்கோ போகும். சட்டியை வைத்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிடுவாள். அண்ணாச்சி ஒரு தரம்கூட வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, சந்தனமாரி வெளியே போயிருந்த நேரம், சுடலையாண்டி கேட்டார்.

"ஒண்ணு கேக்கேன், சொல்லும் வே. அன்னைக்கு நான் குறுக்க வந்தனா?"

சொரிமுத்து கட்டில் நுனியில் தொங்கிய எடையைப் பார்த்தார்.

"ஸ்ரீவைகுண்டத்துக் கடையில டீ குடிச்சது ஞாபகம் இருக்கு. பெட்டியைச் சரியாக் கட்டினது ஞாபகம் இருக்கு. அதுக்குப் பிறவு இந்த ஃபேன்தான். நடுவுல ஒண்ணுமே இல்ல. என்னதான் நடந்துச்சு?"

கையெழுத்துப் போட்ட காகிதத்தில் இருந்ததை ஒப்பித்தார் சொரிமுத்து. "சட்டுன்னு வலது பக்கம் திரும்பிட்டீரு."

"வலது பக்கமா?" சுடலையாண்டி மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தபடி யோசித்தார். "வலது பக்கம் எனக்கு என்ன சோலி? அங்கன வீடு இல்ல, கடை இல்ல. இருபத்தாறு வருசமா அந்த ரோட்டுல ஓரத்துலதான் போறேன். ஏன் திரும்பினேன்?"

அந்தக் கேள்வியைச் சுடலையாண்டி விடவில்லை. படுத்த படுக்கையாக வேறு வேலையும் இல்லை. ஆடு ஏதாவது குறுக்கே வந்திருக்குமோ, பெட்டி சரிந்து கையைத் திருப்பியிருக்குமோ, வெயிலில் தலை சுற்றியிருக்குமோ என்று ஒவ்வொரு நாளும் ஒன்றைச் சொல்லிப் பார்ப்பார். அவர் சொல்லச் சொல்ல, சொரிமுத்துவுக்கு அந்த இடம் கண்ணில் விழ ஆரம்பித்தது. போகாத ரோடு, பார்க்காத சைக்கிள். வீட்டில் கண்ணயர்ந்தால் கால் பிரேக்கைத் தேடி உதைத்துக்கொள்ளும். இசக்கி உலுக்கி எழுப்புவாள். "நீங்க இடிக்கலை. இங்கன இருக்கீங்க," என்பாள். கொஞ்ச நேரம் அவருக்கு அது நம்ப முடியாததாக இருக்கும்.

பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒரு காலை அவர் வார்டுக்குள் நுழைந்தபோது சந்தனமாரி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றாள்.

"அண்ணாச்சி, வாங்க. சாப்பிட்டியளா?"

சொரிமுத்து திகைத்து நின்றார்.

"நேத்து வாக்குமூலம் வாங்க வந்த போலீஸ்காரர் சொன்னாரு. இவரு பொழைக்கணும்னு முடி எறக்கினியளாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே." அவள் கண் கலங்கியிருந்தது. "இவரும் சொல்லிட்டாரு, எம்மேலயும் தப்பு இருக்கு, அந்த மனுசரை ஏசாதன்னு. நான் சொன்னதை மனசுல வச்சுக்கிடாதீங்க. உங்க கைக்கு ஒரு கொறையும் வராது. அம்மங்கிட்ட சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு ஒரு தட்டில் நாலு இட்லியை வைத்து நீட்டினாள். சொரிமுத்து வாங்கிக்கொண்டார். ஒரு துண்டைப் பிட்டார். வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

ஏச்சை வாங்கிக்கொள்வது அவருக்குக் கஷ்டமாக இருந்ததில்லை. யாரோ ஒருத்தர் சுமக்க வேண்டிய மூட்டை, நம் தோளில் இருக்கிறது, அவ்வளவுதான் என்று இருந்தார். இந்த நன்றியைச் சுமக்க அவருக்குத் தெம்பில்லை. அய்யனாருக்குக் கொடுத்த முடியை இவர்களுக்குக் கொடுத்ததாகக் கணக்குக் காட்டியாகிவிட்டது. அதற்கும் மேலே, ஓரமாகப் போன மனுஷனை, நீதான் குறுக்கே வந்தாய் என்று நம்ப வைத்தாயிற்று. அவரும் நம்பிவிட்டார். தப்புச் செய்யாதவர் தம்மேல் தப்பு என்று படுத்திருக்கிறார்.

தட்டைக் கீழே வைத்தார்.

"நான் வண்டி ஓட்டலை," என்றார்.

சந்தனமாரிக்குப் புரியவில்லை. சுடலையாண்டி தலையைத் திருப்பினார்.

"அன்னைக்கு நான் காரையாத்துல இருந்தேன். இந்த மொட்டை எங்க சாமிக்குப் போட்டது. எங்க முதலாளி அண்ணாச்சிதான் ஓட்டிட்டு வந்தாரு. நீரு குறுக்க வந்தீரான்னு எனக்குத் தெரியாது. தெரியாமத்தான் சொல்லிட்டேன். வண்டியை ஸ்டேஷன்ல பார்த்தேன். இடது பக்கச் சக்கரம் பூரா மண்ணும் புல்லும். நீரு மண்ணுலதான் போயிருக்கணும்னு அப்பமே எனக்குப் பட்டுச்சு. பட்டும் சொல்லலை."

எதிர்க் கட்டில்காரர் ரேடியோவில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப ஓடினது யாரு?" என்று கேட்டார் சுடலையாண்டி.

"ஓட யாரும் இல்ல. வண்டியில இருந்ததே ரெண்டு பேருதான்."

இன்சூரன்ஸ் விஷயத்தையும் ஒளிக்காமல் சொன்னார். வெளியே சொன்னால் அவர்களுக்கு வர வேண்டியது வராமல் போகலாம் என்பதையும், சொல்வதும் சொல்லாததும் அவர்கள் இஷ்டம் என்பதையும் சொன்னார். சந்தனமாரி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "அந்த அம்மா தெனமும் சோறு கொண்டு வந்தாங்களே," என்றாள் தனக்குள்ளே.

சுடலையாண்டி கடைசியில் பேசினார். "கேஸ் எப்படியும் போகட்டும் வே. எனக்குக் காலு போச்சு, கம்பெனிக்காரன் குடுக்கிறதையும் விட்டுட்டு நான் என்ன செய்ய? ஆனா ஓட்டின ஆளு இங்கன வரணும். வந்து, நான் எப்படிப் போனேன்னு எங்கிட்ட சொல்லணும். அவருக்கு மட்டுந்தானே தெரியும்."

சொரிமுத்து நேரே தெற்கு ரத வீதிக்குப் போனார். கடையில் கூட்டம். ஆடி முடிந்தும் தள்ளுபடி ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சியைப் பின்பக்கத்துக் கிட்டங்கிக்கு வரச் சொல்லி, துணிக்கட்டுகளுக்கு நடுவில் நின்று விஷயத்தைச் சொன்னார். அம்பலவாணனுக்கு முகம் சிவந்தது.

"யாரைக் கேட்டுலே வாயைத் தொறந்த? நாளைக்கு அவன் போய் வெளிய சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா?"

"சொல்ல மாட்டாரு அண்ணாச்சி. சொன்னாலும் அது அவரு உரிமை."

"உரிமையா? எங்கிட்டயே உரிமை பேசுதியா?"

"கோர்ட்டுல நான் ஒத்துக்கிடுதேன். ஒரு தடவை சரின்னு சொன்னேன், மாற மாட்டேன். ஆனா நீங்க வரணும்." அண்ணாச்சி முகத்தை நேரே பார்த்து, "வரலைன்னா நான் வேற எடத்துல டிரைவர் வேலை பார்த்துக்கிட வேண்டியதுதான்," என்றார். தாம் இப்படிப் பேசுவோம் என்று அவரே எதிர்பார்த்திருக்கவில்லை.

அம்பலவாணன் ஒரு துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தார். கோபம் வந்த வேகத்திலேயே போய்விட்டது. "என்னால அங்க வர முடியாதுலே," என்றார். "பக்கத்துக் கண்ணாடிக் கடையில டம்ளர் விழுந்தாக்கூட அந்தச் சத்தம் கேக்கு. நான் வரமாட்டேன்னா இருக்கேன்? ரெண்டு தடவை ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன். பார்வதி எங்கிட்டப் பேசியே பத்து நாள் ஆச்சு."

சொரிமுத்து அவருக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரவில்லை. "பைய வாங்க. நான் கூட வாரேன்," என்றார்.

மறுநாள் மத்தியானம் பார்வதியம்மாளோடு மூன்று பேரும் ஆட்டோவில் போனார்கள். வார்டு வாசலில் அண்ணாச்சியின் கால் நின்றது. பார்வதியம்மாள் தூக்குச்சட்டியோடு முன்னால் நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. சொரிமுத்து பின்னால் நின்றார். நடுவில் இருந்தவருக்கு உள்ளே போவதைத் தவிர வழியில்லை.

கட்டில் பக்கம் போய் நின்ற அம்பலவாணன் கும்பிட்டார். சுடலையாண்டி பதிலுக்குக் கும்பிடவில்லை.

"சொல்லுங்க," என்றார்.

"எதிர்ல பஸ் வந்துச்சு," என்றார் அம்பலவாணன். குரல் கடைக்காரருடைய குரலாக இல்லை. "ரோடு அகலமாத்தான் இருந்துச்சு. ரெண்டும் போகலாம். எனக்குப் பயம் வந்துட்டு. இடது பக்கம் ஒடிச்சேன். நீங்க ரோட்டுலயே இல்ல. மண்ணுல போயிட்டிருந்தீங்க. பெட்டி நாலு அடுக்கா இருந்துச்சு, பச்சைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தீங்க. நல்லாப் பார்த்தேன். பார்த்துக்கிட்டேதான் வந்து மோதினேன். கால் எதை மிதிச்சுதுன்னு எனக்குத் தெரியல."

"நான் திரும்பலை?"

"இல்ல. நேராத்தான் போனீங்க. திரும்பினீங்கன்னு நான் சொன்னது பொய்."

சுடலையாண்டி கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுப்பக்கம் போயிற்று. சந்தனமாரி அதைத் துடைத்தாள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் மன்னித்ததாகவும் சொல்லவில்லை. "பஸ் என்ன கலர்?" என்று கேட்டார் சுடலையாண்டி. பச்சை என்றார் அம்பலவாணன். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். விழுந்தபோது எந்தப் பக்கம் விழுந்தேன், ஏதாவது பேசினேனா, சைக்கிள் எங்கே போய்க் கிடந்தது. அம்பலவாணன் தமக்குத் தெரிந்தவற்றைச் சொன்னார். தெரியாதவற்றைப் பார்வதியம்மாள் சொன்னாள். லாரியில் வரும்போது ஒரு தரம் கண் விழித்து அவர் தண்ணீர் கேட்டதாகவும், கொடுக்கப் பயந்து உதட்டை மட்டும் நனைத்ததாகவும் சொன்னாள். சந்தனமாரி அவளுக்குப் பக்கத்தில் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். ஆனால் அன்றைக்கு அந்தத் தூக்குச்சட்டியை அவள் திறக்கவில்லை. அதற்கு இன்னும் நாலு நாள் ஆயிற்று.

கேஸ் மறு வருஷம் மாசி மாசம் கோர்ட்டில் வந்தது. கூண்டில் ஏறி நின்றால் குற்றத்தை ஒத்துக்கொள்கிறேன் என்று ஒரே வார்த்தை, அபராதத்தைக் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று வக்கீல் சொல்லிக் கொடுத்திருந்தார். சொரிமுத்துவுக்குத் தலைமுடி நன்றாக வளர்ந்திருந்தது. குற்றச்சாட்டைப் படித்தார்கள். அஜாக்கிரதையாக வண்டி ஓட்டிக் கொடுங்காயம் ஏற்படுத்தியது, காயம்பட்டவருக்கு உதவி செய்யாமல் சம்பவ இடத்தை விட்டு ஓடியது.

"முதல்ல சொன்னதை ஒத்துக்கிடுதேன் ஐயா," என்றார் சொரிமுத்து. "ஓடினேங்கிறதை ஒத்துக்கிட மாட்டேன்."

வக்கீல் நிமிர்ந்து பார்த்தார். மாஜிஸ்டிரேட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்டார்.

"ஓடலைன்னா எங்கே இருந்தீங்க?"

"அவரு கட்டிலுக்குப் பக்கத்துல. ஒன்றரை மாசம். அவரையே கேட்டுப் பாருங்க."

சாட்சி பெஞ்சில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த சுடலையாண்டி, கேட்காமலேயே, "ஆமா ஐயா, இருந்தாரு," என்றார். உட்காரச் சொல்லி அதட்டினார்கள். அவரோ எழுந்தே இருக்கவில்லை. மாஜிஸ்டிரேட் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று சொரிமுத்து விசாரிக்கவில்லை. அபராதம் விதித்தார்கள். லைசென்ஸில் ஒரு முத்திரை விழுந்தது. காரையாற்றில் நின்ற நேரத்தில் தென்திருப்பேரையில் ஒருவரை இடித்த மனுஷராக அரசாங்கக் காகிதத்தில் அவர் இன்றைக்கும் இருக்கிறார். அடுத்து வந்த ஆடியில் கோயிலுக்குப் போனபோது சாமியிடம் என்ன சொன்னார் என்று இசக்கி கேட்டாள். "அவருக்குத் தெரியாததா," என்று சொல்லிவிட்டு விறகு ஒடிக்கப் போய்விட்டார்.

அம்பலவாணன் எல்.எல்.ஆரைப் புதுப்பிக்கவில்லை. ஸ்டீரிங் பக்கம் போகவும் இல்லை. அவருக்கும் டிரைவருக்கும் நடுவில் பழைய பேச்சு திரும்பியது, பழைய மாதிரி இல்லை. ஒரு வேலை சொன்னால் சொரிமுத்து 'சரி அண்ணாச்சி' என்பதற்கு முன் ஒரு நொடி தாமதிப்பார். அண்ணாச்சியும் அந்த நொடி வரைக்கும் காத்திருக்கப் பழகிக்கொண்டார்.

சுடலையாண்டிக்குக் கால் ஒரு அங்குலம் குட்டையாகிவிட்டது. சைக்கிளை விட்டுவிட்டு உடன்குடியிலேயே கடைத்தெருவில் கருப்பட்டியைப் பரப்பி உட்கார்ந்தார். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் காலில் போட்ட கம்பியை டாக்டரிடம் காட்ட வேண்டும். அதற்குக் காரை அனுப்புவது என்று பார்வதியம்மாள் முடிவு செய்திருந்தாள். முதல் தடவை காரைக் கண்டதும் சுடலையாண்டி ஏறமாட்டேன் என்று சொல்லி பஸ்ஸில் போனார். சொரிமுத்து பஸ்ஸுக்குப் பின்னாலேயே வெறும் காரை ஓட்டிக்கொண்டு போனார். ரெண்டாம் தடவை ஏறினார்.

முன் சீட்டில்தான் உட்கார்ந்தார். குரும்பூர் தாண்டும்வரை கருப்பட்டி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். வாழைத்தோட்டம் ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிட்டது. முன்னால் ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் வயசானவர், பின்னால் புல்லுக்கட்டு. சுடலையாண்டியின் கை கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தது. நரம்பு புடைத்திருந்ததை சொரிமுத்து பார்த்தார்.

தாராளமாகத் தாண்டிப் போயிருக்கலாம். எதிரே வண்டி எதுவும் இல்லை. சொரிமுத்து கியரைக் குறைத்து, ஹாரன் அடிக்காமல், சைக்கிளுக்கு இருபது அடி பின்னாலேயே போனார். பின்னால் ஒரு டவுண் பஸ் வந்து ஹாரனை விடாமல் அடித்தது. அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, நீ போ என்று சைகை காட்டினார். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு தாண்டிப் போயிற்று. சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார். கார் நகர்கிறதா நிற்கிறதா என்று அவருக்குச் சந்தேகம். தென்திருப்பேரை வரைக்கும் அப்படியே போனார்கள்.